பொய் என்று எழுதிய குறிப்பு

பல ஆண்டுகளுக்கு முன் நான் ஒரு பிழை செய்தேன். அஃது இலக்கணப் பிழையன்று. இலக்கணப் பிழையாயின் மறுநாளே திருத்தியிருப்பேன்.

1999 ஆம் ஆண்டின் நடுப்பகுதி. ஆசிரியத் தொழிலிற் புகுந்து எனக்குச் சில ஆண்டுகளே கழிந்திருந்தன. ‘என் மனத்தைத் தொட்ட ஒரு நிகழ்ச்சி’ என்னுந் தலைப்பிற் கட்டுரை வரையுமாறு மாணாக்கரைப் பணித்தேன். ஒருவன் மல்யுத்த வீரன் ஒருவனைப் பற்றி எழுதியிருந்தான். அவ்வீரன் அரங்கின் முகட்டிலிருந்து கயிற்றில் இறங்கினானாம், பிடி விடுபட்டதாம், பல்லாயிரவர் கூடியிருந்த அவையில் வீழ்ந்து இறந்தானாம். கனடாவிலிருக்குந் தமையன் தொலைபேசியிற் சொன்னானாம். கேட்ட அன்று இவன் சோறு உண்ணவில்லையாம்.

நான் சிவப்பு மையை எடுத்தேன். ‘இவ்விளையாட்டு முழுவதும் பொய். பொய்க்கு அழுதல் பேதைமை’ என்று ஓரத்திற் குறித்தேன். பத்துப் புள்ளி குறைத்தேன். குறைத்ததோடு நின்றேனா? வகுப்பில் அதை வாசித்துங் காட்டினேன். மாணாக்கர் சிரித்தனர். அவன் தலைகவிழ்ந்திருந்தான்.

இந்நிகழ்ச்சியை நான் மறந்துபோனேன். கால் நூற்றாண்டு கழிந்தபின் அதை நினைக்கவேண்டி வந்தது. விடுமுறைக்கு என் தங்கை மகன் எங்கள் வீட்டில் வந்து தங்கினான். இரவுதோறும் மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு ‘றெஸ்லிங்’ பார்ப்பான். சாம்பியன் பட்டப் போட்டிகள் பலவற்றின் பழைய பதிவுகள் அவனிடம் இருந்தன. முதல் நாள் நான் சாய்மனைக் கதிரையில் இருந்தபடியே, “உதெல்லாம் பொய், தம்பி” என்றேன். மூன்றாம் நாள் கதிரையை அவன் பக்கமாக இழுத்துக்கொண்டேன். நான்காம் நாள் அவன் கேட்டான்: “மாமா, பொய்யெண்டு சொல்லிப்போட்டு ஏன் கண் வெட்டாமல் பாக்கிறியள்?”

கேள்வி நியாயமானது. விடை சொல்லவேண்டியவன் நான். அவ்விடையே இக்கட்டுரை.

முதலில், பொய் என்னுங் குற்றச்சாட்டை எடுத்துக்கொள்வோம். இம் மல்யுத்தத்தில் வெல்பவர் யார், தோற்பவர் யார் என்பது போட்டிக்கு முன்னரே தீர்மானிக்கப்படுகிறது. இஃது இரகசியமன்று. 1989 ஆம் ஆண்டில், அமெரிக்காவின் நியூ ஜேர்சி மாநிலச் செனற் சபைக்கு, வின்ஸ் மக்மான் என்பாரின் நிறுவனமே இதனைத் தெரிவித்தது. இது போட்டி விளையாட்டன்று, களியாட்டம் என்பது அவர் தரப்பு. விளையாட்டுக்குரிய வரியும் மேற்பார்வையும் நீங்கவேண்டும் என்பது நோக்கம். வியாபாரி உண்மை பேசுவதற்கும் ஒரு காரணம் வேண்டும் போலும்.

ஆதியில் இவ்வாறு இருக்கவில்லை. 1908 ஏப்ரில் 3 ஆந் தேதி சிக்காகோ நகரில் அமெரிக்கரான பிராங் கொட்சும், றஷ்ய சிங்கம் எனப் பெயர்பெற்ற ஜோர்ஜ் ஹக்கென்சிமிட்டும் உலகப் பட்டத்துக்காகப் பொருதனர். ஏறத்தாழ இரண்டு மணி நேரம் ஒருவரையொருவர் பற்றிக்கொண்டு நின்றனர். ஈற்றில் ஹக்கென்சிமிட் போதும் என்று விட்டுக்கொடுத்தார். மெய்யான மல்யுத்தத்தின் இடர் இதுதான். இருவருஞ் சமபலமுடையராயின், நெடுநேரம் அசைவின்றி இருப்பர். மல்லர்க்கு மூச்சுமுட்டும், பார்ப்போர்க்குக் கொட்டாவி வரும். பணங் கொடுத்து வந்தவர் மறுமுறை வாரார். ஆகவே அடுத்து வந்த பத்தாண்டுகளிற் போட்டியின் நேரம் குறுகிற்று, வேகம் மிகுந்தது, முடிவு முன்கூட்டியே வகுக்கப்பட்டது. 1940 களின் பிற்பகுதியிலே தொலைக்காட்சி வந்தது. ஒரு சிறு மேடை, இரண்டு மனிதர், மேலே விளக்கு. படம்பிடிக்க இதனினும் இலகுவான காட்சி எது? சுருட்டிய பொன்னிறக் கூந்தலோடும், முன்னே வாசனைத் திரவியந் தெளித்து வரும் ஏவலாளனோடும் தோன்றிய கோர்ஜியஸ் ஜோர்ஜ் என்னும் மல்லர் அக்காலத்துத் தொலைக்காட்சியின் பெரும் புள்ளிகளுள் ஒருவரானார். அவரை வெறுப்பதற்காகவே சனங்கள் கூடினர்.

இவ்வளவும் மருமகன் சொல்லக் கேட்டேன். கேட்டபோது எனக்கு எங்கள் நாட்டுக்கூத்து நினைவுக்கு வந்தது. கூத்தில் அரசன் வரவு உண்டு. வரவுக்குத் தருவும் உண்டு. இவர்களுக்கும் ஒவ்வொருவர் வரவுக்கும் ஒவ்வோர் இசை உண்டு. இசையின் முதல் ஒலி கேட்டதும் யார் வருகிறார் என்று அவை அறியும். அருச்சுனன் வெல்வான் என்பது கூத்துப் பார்க்கும் கிழவிக்கும் தெரியும். தெரிந்தும் விடியவிடிய விழித்திருக்கிறாள். அவளைப் பேதை என்று யார் சொல்வார்?

தொல்காப்பியர் அகத்திணையியலிலே நாடக வழக்கு, உலகியல் வழக்கு என இரண்டு சொன்னார். இரண்டுங் கலந்தது புலனெறி வழக்கம் என்றார். ஆண்டுதோறும் மாணாக்கருக்கு இதைப் படிப்பிக்கிறேன். தலைவனுந் தலைவியும் இன்னார் என்று பெயர் சொல்லப்படாதவர். ஆயினும் அவர் கண்ணீர் பொய்யன்று என்று விளக்குகிறேன். அத்தகைய நான், முடிவு வகுக்கப்பட்ட மல்யுத்தத்தை மட்டும் பொய் என்ற ஒரு சொல்லால் ஒதுக்கினேன். அளவுகோல் ஒன்றாயிருக்கவேண்டாமா?

ஆகவே, வென்றவன் யார் என்று கேட்பதை விட்டேன். பட்டம் ஏன் கைமாறிற்று, அதனை அவை நெஞ்சார ஏற்றதா என்று கேட்கத் தொடங்கினேன். இக்கேள்வியோடு சில போட்டிகளை இங்கே ஆராய்வேன்.

முதலாவது, 1987 மார்ச் 29 இல் மிச்சிகன் மாநிலத்துப் பொன்ரியாக் நகரில் நடந்தது. றெஸில்மேனியா என்னும் பெருவிழாவின் மூன்றாவது ஆண்டு. சாம்பியன் ஹல்க் ஹோகன். எதிர்த்தவர் பிரான்சு தேசத்து அந்திரே. கூடியோர் 93,173 பேர் என்று நிறுவனம் அறிவித்தது; அத்தொகை மிகை என்பாரும் உளர். அந்திரேயை ‘இராட்சதன்’ என்றே அழைத்தனர். நிறை 520 இறாத்தல் என்று விளம்பரஞ் செய்தனர். உடலின் வளர்ச்சி நிற்காமை என்னும் நோயே அவரை அவ்வளவு பெரியவராக்கிற்று.

மல்யுத்தம் என்று பார்த்தால் இது மிக எளிய போட்டி. தொடக்கத்தில் ஹோகன் அந்திரேயைத் தூக்க முயல்கிறார், முடியவில்லை, அவர்மேல் அந்திரே சரிகிறார். மத்தியஸ்தர் எண்ணுகிறார். மூன்று என்று சொல்லும் நேரத்திலே தோள் உயர்கிறது. பின்னர் நெடுநேரம் அந்திரே மார்போடு இறுக்கிப் பிடித்து நிற்கிறார். ஈற்றில் ஹோகன் அம்மலையைத் தூக்கி அறைகிறார். கூரை அதிர்கிறது. அவ்வளவுதான் போட்டி.

ஆனால் ஒன்றைக் கவனிக்கவேண்டும். அந்திரேக்கு முந்திய ஆண்டிலே முதுகிற் சத்திரசிகிச்சை நடந்திருந்தது. உடைக்குள்ளே முதுகைத் தாங்குங் கட்டு அணிந்துகொண்டு மேடை ஏறினார். அத்துணை நிறையுடையவரை அவர் இணக்கமின்றி யாருந் தூக்க முடியாது. தூக்கப்படுவதற்கு அவர் இசைந்தார். தம் நொந்த முதுகை அதற்குக் கொடுத்தார். அன்று தூக்கியவரை உயர்த்தியவர் தூக்கப்பட்டவரே. 1993 சனவரியில், தந்தையின் மரணச் சடங்குக்காகப் பிரான்சுக்குச் சென்றிருந்தபோது, அந்திரே இறந்தார்.

அதே நாளில் அதே மேடையில் வேறொரு பட்டத்துக்கு நடந்த போட்டி இதற்கு நேர்மாறானது. சாம்பியன் றன்டி சவேஜ். எதிர்த்தவர் றிக்கி ஸ்டீம்போட். கதைப்படி முன்னொரு நாள் சவேஜ் மணியைக்கொண்டு ஸ்டீம்போட்டின் குரல்வளையை நசுக்கியிருந்தார். அதற்குப் பழிவாங்கும் போட்டி இது. ஏறத்தாழப் பதினைந்து நிமிடம். ஒருவர் தோள் தரையிற் படும். இரண்டு வரை எண்ணப்படும். மூன்றாவதற்கு முன் எழுவார். இவ்வாறு பன்முறை. ஒவ்வொரு முறையும் அவை எழுந்து அமர்கிறது. சவேஜ் மறுபடியும் மணியை எடுக்கிறார். தீயவன் தான் முன்னர்ச் செய்த தீமையையே மீண்டுஞ் செய்ய முயன்று, அதனாலேயே கெடுகிறான். இடையறாது புரண்ட ஒரு கணத்தில் ஸ்டீம்போட் அவரைச் சுருட்டிப் பிடித்து வெல்கிறார்.

இப்போட்டியின் அசைவுகளை எல்லாம் சவேஜ் தாளில் எழுதி, இருவரும் மனனஞ் செய்து பலமுறை ஒத்திகை பார்த்தனராம். யாப்பறிந்த புலவன் வெண்பா செய்வதைப் போன்றது இது. தளை தட்டவில்லை. ஆயினும் தளை பார்த்துச் செய்தது என்ற எண்ணமும் பார்ப்போர்க்கு வருவதில்லை. தோற்றவர் சவேஜ், ஆக்கியோரும் அவரே. இதை மருமகனிடஞ் சொன்னேன். அவன் வியந்தான். நானும் ஏதோ தெரிந்தவன் போலத் தலையசைத்தேன்.

இவ்விடத்தில், மேடையின் இலக்கணத்தைச் சிறிது சொல்லவேண்டும். மேடைக்கு அடியில் இரும்புச் சட்டம், மேலே பலகை, பலகைமேல் மெல்லிய பஞ்சணை, அதன்மேற் துணி. விழுபவன் நாடியை நெஞ்சோடு சேர்த்துத் தலையைக் காத்துக்கொண்டு, முதுகு முழுதும் ஒருங்கே படும்படி விழவேண்டும். அடி ஓரிடத்திற் குவியாமற் பரவவேண்டும். தூக்குபவன், விழுபவன் கழுத்துக்குப் பொறுப்பாளி. பகைவன் என்று நாம் காண்பவனே காவலன். ஒருவனை ஒருவன் நம்பித் தன் உயிரைக் கையிற் கொடுக்கிறான். வெற்றி தோல்வி நாடக வழக்கு. விழுகின்ற உடம்பு உலகியல் வழக்கு. இரண்டும் ஒரே மேடையில் நிற்கின்றன.

இந்நம்பிக்கை முறிந்தால் என்னாகும்? அதற்குச் சான்று 1997 நவம்பர் 9 இல் கனடாவின் மொன்றியல் நகரில் நடந்த போட்டி.

சாம்பியன் பிறெற் ஹாட். கனடா தேசத்தவர், கல்கரி நகரத்து மல்லர் குடும்பத்தவர், தந்தை ஸ்ரூ ஹாட் வீட்டின் நிலவறையிலே மல்லர்களைப் பயிற்றியவர். எதிர்த்தவர் ஷோன் மைக்கல்ஸ். இருவருக்கும் மேடைக்கு வெளியேயும் மெய்யான பகை. பிறெற் போட்டி நிறுவனம் ஒன்றிற் சேர ஒப்பந்தஞ் செய்திருந்தார். தம் நாட்டு மக்கள் முன்னிலையில் மைக்கல்சுக்குத் தோற்க அவர் உடன்படவில்லை. பட்டத்தோடு அவர் போய்விடுவாரோ என்று உரிமையாளர் மக்மான் அஞ்சினார். ஈற்றில், வெற்றி தோல்வியின்றிக் குழப்பத்தில் முடிப்பது என்று பிறெற்றுடன் இணக்கங் கண்டனர். அவரும் நம்பினார்.

போட்டியின் நடுவே, பிறெற்றுக்கே உரிய பிடியொன்றை மைக்கல்ஸ் அவர்மேற் போடுகிறார். பிறெற் பணியவில்லை. பணிந்தேன் என்று கையசைக்கவுமில்லை. மக்மான் மேடையோரம் நின்று மணியடிக்கப் பணிக்கிறார். மணி ஒலிக்கிறது. பட்டம் போயிற்று. பிறெற் எழுந்து நின்று திகைத்துப் பார்க்கிறார். பின் மக்மான் முகத்தில் உமிழ்கிறார்.

இப்பதிவைப் பார்த்தபோது எனக்கு மெய்சிலிர்த்தது. நடிப்பின் நடுவே நடிப்பல்லாத ஒரு முகம் தெரிகிறது. தோற்பதற்கு அஞ்சுபவரின் முகமன்று அது; ஏமாற்றப்பட்டவரின் முகம். பலமுறை எழுதப்பட்ட தோல்விகளை ஏற்றவர்தாம் அவர். எழுதப்பட்ட தோல்வி அவரை நோகச்செய்யவில்லை. மறைக்கப்பட்ட தோல்வியே நோகச்செய்தது.

இன்னொன்றையும் மருமகன் சொன்னான். அன்று மத்தியஸ்தர் ஏள் ஹெப்னர். இவருக்கு இரட்டைச் சகோதரர் ஒருவர் இருந்தார், அவரும் மத்தியஸ்தராயிருந்தவர். 1988 பெப்ரவரி 5 இல் நடந்த தொலைக்காட்சிப் போட்டியொன்றில், ஹோகன் தோள் உயர்த்தியும் மூன்று எண்ணி அவர் பட்டத்தைப் பறித்த ‘பொய் மத்தியஸ்தர்’ வேடம் பூண்டவர் இவ் வேளே. அது கதை, உருவ ஒற்றுமையைக்கொண்டு செய்த வேடிக்கை. ஒன்பது ஆண்டு கழித்து, மொன்றியலில் அதே மனிதர் மெய்யாகவே அவ்வேலையைச் செய்யவேண்டியதாயிற்று. முன்னதைப் பார்த்து மக்கள் மகிழ்ந்து ஏசினர். பின்னதைப் பிறெற் பல்லாண்டு மன்னிக்கவில்லை. 2010 சனவரியிலேதான் அந்நிறுவனத்தின் மேடைக்கு மீண்டார். செயல் ஒன்றே. உடன்பாடு இருந்தபோது அது கலை. இல்லாதபோது அது வஞ்சனை.

அன்றிரவு படுக்கப்போகுமுன் மருமகனைக் கேட்டேன்: “அந்தப் பிறெற்றுக்குச் சகோதரர் ஆரும் இருந்தவையோ?”

அவன் என்னைப் பார்த்தான். “இருந்தவர், மாமா. ஓவன் ஹாட். பன்னிரண்டு பிள்ளையளிலை கடைக்குட்டி. மேலையிருந்து விழுந்து செத்தவர்.”

எனக்கு அச்சிவப்பு மை நினைவுக்கு வந்தது.

1999 மே 23. மிசூரி மாநிலத்துக் கன்சாஸ் நகரம். ஓவன் ஹாட்டுக்கு அன்று ஒரு பட்டப்போட்டி இருந்தது. சவேஜும் ஸ்டீம்போட்டும் பன்னிரண்டு ஆண்டுக்கு முன் பொருதது எப்பட்டத்துக்கோ அப்பட்டத்துக்கே. அவருக்குக் கொடுக்கப்பட்ட வேடம் முகமூடி அணிந்த நகைச்சுவை வீரன். முகட்டிலிருந்து கயிற்றில் இறங்கி, மேடைக்கு அண்மையில் வந்ததுந் தடுக்கி விழுவதாகக் காட்டி அவையைச் சிரிப்பிக்கவேண்டும். அச்சிரிப்புக்காக, இழுத்தவுடன் விடுபடும் கொளுவி பொருத்தப்பட்டிருந்தது. அது மேலேயே விடுபட்டது. ஏறத்தாழ 78 அடி உயரத்திலிருந்து மேடைக் கயிற்றின்மேல் வீழ்ந்தார். வயது 34. மனைவியும் இளம்பிள்ளைகள் இருவரும் அவருக்கு இருந்தனர்.

வீழ்ச்சி தொலைக்காட்சியிற் காட்டப்படவில்லை. அவ்வேளை முன்னரே பதிவுசெய்த துண்டொன்று ஓடிக்கொண்டிருந்தது. பின்னர் படக்கருவி அவையோரையே காட்டிற்று. வர்ணனையாளர் ஜிம் றொஸ் பேசினார். இது நிகழ்ச்சியின் பகுதியன்று, நடிப்பன்று, மெய்யாகவே நடந்துவிட்டது என்ற பொருள்பட மீண்டும் மீண்டுஞ் சொன்னார். சிறிது நேரத்தில், ஓவன் ஹாட் இறந்துவிட்டார் என்று தொலைக்காட்சி பார்த்திருந்தோருக்கு அறிவித்தார். அரங்கில் இருந்தோருக்கு அச்செய்தி அங்கே சொல்லப்படவில்லை. காட்சி நிறுத்தப்படவுமில்லை. அடுத்த மல்லர்கள் அதே மேடையில் ஏறினர். அன்றைய முதன்மைப் பட்டப்போட்டியும் நடந்தேறிற்று.

இதை எவ்வாறு மதிப்பிடுவது? கூத்தாடி வீழ்ந்தால் கூத்தை நிறுத்துவது மனித முறை. நிறுத்தாதவர் மேல் எனக்குச் சினம் வந்தது. சினந்து சிறிது நேரத்தில் என் பக்கமும் தெரிந்தது. ஜிம் றொஸ் அத்தனை முறை ‘இது மெய்’ என்று ஏன் சொல்லவேண்டும்? மரணத்தைச் சொல்ல ஒருமுறை போதாதா? போதாது. நம்பாதவர் பலர் இருப்பர் என்பது அவருக்குத் தெரியும். பொய் என்று சொல்லிப் பழகிய செவிக்கு மெய் எளிதில் ஏறாது. அவர் அன்று இறைஞ்சியது என்னைப் போன்றவர்களை நோக்கித்தான். கடல்கடந்து இருந்த ஒரு மாணவன் அதைக் கேட்டு நம்பினான். அவனுக்கு ஆசிரியனாயிருந்த நான் நம்பவில்லை.

நான்கு நாள் நான் பதிவு எதனையும் பார்க்கவில்லை. ஐந்தாம் நாள் மருமகன், “மாமா, ஒண்டே ஒண்டு. இதைப் பாத்தால் கோபம் ஆறும்” என்றான்.

அது 2024 ஏப்ரில் 7 இல் பிலடெல்பியா நகரில் நடந்த போட்டி. நாற்பதாவது றெஸில்மேனியா. சாம்பியன் றோமன் றெயின்ஸ். 2020 ஆகஸ்ட் 30 முதல் 1,316 நாள் பட்டத்தை வைத்திருந்தவர். எதிர்த்தவர் கோடி றோட்ஸ்.

கோடியின் தந்தை டஸ்ரி றோட்ஸ். நீர்க்குழாய் பொருத்துந் தொழிலாளியின் மகன் என்று தம்மைப் பெருமையோடு சொல்லிக்கொண்டவர். பிறிதோர் அமைப்பின் உலகப் பட்டத்தை மூன்றுமுறை பெற்றவர். ஆயின் இந்நிறுவனத்தின் பெரும்பட்டம் அவருக்குக் கிட்டவில்லை. 1977 செப்ரெம்பரில் நியூ யோர்க்கிலே சூப்பர்ஸ்ரார் பில்லி கிரகாமை வென்றார். ஆனால் கிரகாம் மேடைக்கு வெளியே நின்று எண்ணிக்கை முடிந்தமையால் வந்த வெற்றி அது. அவ்வாறு வென்றவனுக்குப் பட்டம் கைமாறாது என்பது விதி. வெற்றி உண்டு, பட்டம் இல்லை. 2015 யூன் 11 இல் டஸ்ரி காலமானார். தந்தைக்குக் கிட்டாததைப் பெற்றுக் கதையை முடிப்பேன் என்பதே மகனின் வஞ்சினம்.

2022 இல் மார்புத் தசை கிழிந்திருக்க, நெஞ்சு முழுதும் கருநீலமாய்க் கன்றியிருக்க, கோடி ஒரு போட்டியில் மேடை ஏறினார். அதைப் பலர் புகழ்கின்றனர். நான் புகழத் துணியேன். ஓவனின் கதையைக் கேட்டபின், காயத்தோடு மேடை ஏறுபவனைக் கண்டு கைதட்ட எனக்குக் கை எழவில்லை. 2023 இல் றெயின்சை எதிர்த்துத் தோற்றார். 2024 பெப்ரவரியில் அவர் இடத்தைப் புகழ்மிக்க நடிகர் ‘றொக்’ எடுத்துக்கொள்வதாகக் காட்டப்பட்டது. பார்ப்போர் பொறுக்கவில்லை. கோடியே வேண்டும் என்று ஆரவாரித்தனர். எழுதினவர் எழுதியதை மாற்றினர். முடிவு முன்னரே எழுதப்படுவது மெய்தான். ஆனால் எழுதுகோலில் அவையோர்க்கும் ஒரு பிடி உண்டு என்பதை இங்கே கண்டேன்.

போட்டி அரை மணி நேரத்துக்கு மேலாக நடந்தது. விதி எதுவுமில்லாத போட்டி என்பதால் இரு பக்கத்தாருக்கும் துணைவர் பலர் ஓடிவருகின்றனர். இஃது ஒரு குறை. ஜோன் சீனா, றொக், அண்டர்ரேக்கர் என ஒருவர்பின் ஒருவராக வருகையில் கூத்து முடியுந் தறுவாயிற் பாத்திரங்கள் எல்லாம் மேடையில் நெருங்குவது போலிருக்கிறது. இருவரின் போர் இடையிலே கைதவறிப் போகிறது.

ஆனால் ஒரு கணம் இக்குறையை மறப்பிக்கிறது. றெயின்ஸ் கையில் நாற்காலி. ஒருபக்கம் வீழ்ந்துகிடக்குங் கோடி. மறுபக்கம் சேத் றொலின்ஸ். றெயின்சின் பழைய தோழர். 2014 இல் நாற்காலியால் றெயின்சின் முதுகில் அடித்துத் துரோகஞ் செய்தவர். கோடியை அடித்தால் பட்டம் நிலைக்கும். றொலின்சை அடித்தாற் பழி தீரும். றெயின்ஸ் இருவரையும் பார்க்கிறார். பின் பழைய பழியைத் தேர்ந்து றொலின்சை அடிக்கிறார். அந்த ஓர் அடியிற் பட்டம் போய்விட்டது. கோடி எழுகிறார், தமக்குரிய வீழ்த்தலை மும்முறை செய்கிறார், மூன்று எண்ணப்படுகிறது. பத்தாண்டு மறவாத வெகுளி ஓர் அரசை அழித்தது என்று இதனைச் சொல்லலாம். எழுதினவர்க்கு மெய்ப்பாட்டியல் தெரியாது. ஆயினும் வெகுளி இன்னதென்று தெரிந்திருக்கிறது.

வெற்றியை அறிவித்த பெண்ணின் குரல் தழுதழுத்தது. அவருக்கும் முடிவு எழுதப்பட்டது என்று தெரியும். ஆயினும் அழுதார்.

அப்போது எனக்குப் புறநானூறு நினைவுக்கு வந்தது. சோழன் போரவைக் கோப்பெருநற்கிள்ளி முக்காவனாட்டு ஆமூர் மல்லனோடு பொருததைச் சாத்தந்தையார் பாடியிருக்கிறார். எண்பதாம் பாட்டு. தமிழில் நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய மல்யுத்த விமரிசனம் அதுவே எனலாம். முழங்கால் எங்கே ஊன்றிற்று, தாள் எதனைத் தடுத்தது என்று பிடியைப் பிடியாகவே காட்டுகிறார். ஆயின் புலவரின் வேட்கை பிடியில் இல்லை. கிள்ளி தன் தந்தை தித்தனோடு பகைத்து நாடு நீங்கியிருந்தான் என்பர். மகன் வென்ற இக்காட்சியை அத்தந்தை காணவேண்டும். உவந்தாலும் உவவாவிட்டாலும் காணவேண்டும் என்பதே வேட்கை. பலமுறை படிப்பித்த பாட்டு. தந்தை காணவேண்டும் என்பதன் பொருள் அன்று இரவு, தந்தையில்லாத ஒரு மகன் மேடையில் நின்றபோதுதான் எனக்கு விளங்கிற்று.

பட்டம் அங்கே நிலைக்கவில்லை. 2025 ஏப்ரில் 20 இல் ஜோன் சீனாவிடஞ் சென்றது, ஆகஸ்டில் மீண்டது. அது செல்லும், வரும். அதுவன்று முக்கியம். அன்றிரவு பிலடெல்பியாவில் றெயின்சும் கோடியும், அடித்த அத்தனை அடிக்கும் பின், தத்தங் காலால் நடந்து வீடு சென்றனர். எழுதப்பட்ட போரில் எழுதப்படாத வெற்றி ஒன்று உண்டாயின் அதுவே. தோற்பவனைக் காப்பாற்றி வெல்லுதல். இனி எப்பட்டப் போட்டியைப் பார்த்தாலும் நான் முதலிற் கேட்குங் கேள்வி, கதை நன்றாயிருந்ததா என்பதன்று. இருவரும் வீடு சேர்ந்தார்களா என்பதே. ஓவன் ஹாட்டுக்கு அது வாய்க்கவில்லை. அந்தக் குற்றம் மல்யுத்தம் பொய் என்பதனால் வந்ததன்று. பொய்தானே என்று உயிரை எளிதாக எண்ணியதனால் வந்தது. நானும் அவ்வாறே எண்ணி ஒரு பிள்ளையின் துயரை எளிதாக்கினேன்.

மருமகனுக்கு விடை இதுதான்: தம்பி, கதை எழுதப்பட்டது, விழுகின்ற உடம்பு எழுதப்பட்டதன்று. அதனாலேதான் கண் வெட்டவில்லை.

இன்னொருவனுக்கும் ஒரு சொல் உண்டு. அவன் கட்டுரைக் கொப்பி எங்கே போயிற்றோ அறியேன். அவனும் இப்போது நாற்பதை எட்டியிருப்பான். எந்நாட்டில் இருக்கிறானோ? பெயரை இங்கே எழுதேன். ஒருமுறை அவையில் தலைகவிழச் செய்தது போதும். இதனைப் படிக்க நேர்ந்தால் அவனுக்குத் தெரியும்.

தம்பி, நீ எழுதியது மெய். அழுததும் முறை. ஓரத்தில் நான் எழுதிய குறிப்பே பிழை. குறைத்த பத்துப் புள்ளியையும் இதனால் திருப்பித் தருகிறேன்.